டெய்சி வந்த விமானம்

விருத்தாசலத்தில் ஆல்பர்ட்டுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஏரோப்பிளேன் ஓட்டுகிறான் என்பார் டீக்கடை பக்கிரி. ஓட்டவில்லை, ஓட்டுகிறவனுக்கு வழி சொல்கிறான் என்பார்கள் கோயில் தெருக்காரர்கள். அவனுடைய அம்மா உபகாரமேரி மட்டும் சரியாகச் சொல்வாள். “பிளேனுக்கு எவ்ளோ எண்ணெ ஊத்தணும்னு கணக்கு போட்டுக் குடுக்குறான். அவன் கணக்கு போடலன்னா பிளேனு நவுராது.” கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெற்ற பெருமை கலந்திருக்கிறது. ஆனாலும் பெரிய பொய் இல்லை.

டேங்கை முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்பினால் என்ன, இதற்கு எதற்கு ஒரு படித்த ஆள் என்று எனக்கே ஒரு காலத்தில் தோன்றியதுண்டு. எண்ணெய்க்கும் எடை இருக்கிறது. அந்த எடையைத் தூக்கிக்கொண்டு பறப்பதற்கே தனியாக எண்ணெய் எரியும். அதனால் அளந்துதான் ஊற்றுவார்கள். போகிற ஊர் வரைக்கும் ஒரு பங்கு, வழியில் காற்று எதிர்த்தால் சமாளிக்கக் கொஞ்சம், அந்த ஊரில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊருக்குப் போக ஒரு பங்கு, எல்லாவற்றுக்கும் அடியில் தொடவே கூடாத கையிருப்பு ஒன்று. இவ்வளவுதான் சட்டம் கேட்கிறது. இதற்கு மேல் ஊற்றுவது ஆளைப் பொறுத்தது.

ஆல்பர்ட் மேலே கொஞ்சம் ஊற்றுகிற ஆள். காலை நேரத்தில் சென்னைக்கு மேலே வந்து சேருகிற விமானங்கள் எல்லாம் உடனே இறங்கிவிடுவதில்லை. ஆகாயத்தில் ஓரமாக நிறுத்திவைக்கவும் முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாக உயரம் பிரித்து வட்டமடிக்க விடுவார்கள். அடியில் இருப்பது இறங்கினால் மேலே இருப்பது ஒரு படி கீழே வரும். தன் முறை வருகிற வரைக்கும் சுற்றுவதற்கு எண்ணெய் வேண்டாமா? அதனால் காலையில் சென்னைக்கு வருகிற விமானம் என்றால் ஆல்பர்ட் கூடுதலாகக் கொஞ்சம் சேர்த்து, காரணம் எழுதுகிற இடத்தில் ‘காலை நெரிசல்’ என்று இரண்டே சொல் போட்டுவிடுவான்.

இரண்டாயிரத்து எட்டில் எண்ணெய் விலை தறிகெட்டு ஏறியது. அவன் வேலை பார்த்த கம்பெனியில் யார் எவ்வளவு கூடுதல் சேர்க்கிறார்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்ட ஆரம்பித்தார்கள். ஆல்பர்ட் பெயர் எப்போதும் முதல் இடத்திலேயே இருக்கும். மேலதிகாரி கூப்பிட்டுக் கடிந்துகொள்வார். தலையாட்டிவிட்டு வந்து, மறுநாள் மறுபடியும் ‘காலை நெரிசல்’ என்று எழுதுவான். அந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா அமிர்தசாமியைச் சொல்லாமல் ஆல்பர்ட்டைச் சொல்ல முடியாது. செராமிக் கம்பெனி ஒன்றில் சூளை எரிக்கிற வேலை. பீங்கான் பியூஸ் கட்டைகளும், பொம்மைகளும், விளக்குகளும் அவர் கையால் வெந்து வெளியே வந்தவை ஊரெல்லாம் உண்டு. அவர் வீட்டில் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. அப்படி ஒரு மனுஷன். கம்பெனியின் பின்பக்கம் உடைசல்களும் கோணல்களும் கொட்டுகிற மேடு ஒன்று இருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் மேயும். ஒருநாள், சின்னப் பெண்ணாக இருந்த ஆல்பர்ட்டின் தங்கை டெய்சி அதிலிருந்து ஒரு பீங்கான் கிளியைப் பொறுக்கிவந்தாள். மூக்கு உடைந்த பச்சைக் கிளி. அமிர்தசாமி அதைப் பார்த்தார். பெண்ணின் கையைப் பிடித்துக் கம்பெனி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். அந்தக் கிளியைத் திரும்பவும் குப்பைமேட்டிலேயே போடச்சொன்னார். ஆல்பர்ட்டும் கூடப் போயிருந்தான்.

“குப்பைதானய்யா, குழந்த ஆசப்படுது” என்றார் அவரோடு சூளையில் வேலைபார்த்த ஜம்புலிங்கம்.

“ஊருப் புள்ளைங்க எடுக்கட்டும், நான் ஏன்னு கேக்கமாட்டேன். எம்பொண்ணு எடுத்தா, சூளக்காரன் நல்ல சரக்கையே குப்பையில போட்டு வூட்டுக்குக் கடத்துறான்னு ஆவும். நமக்குன்னு வரும்போதுதான் கைய இறுக்கிக்கணும்” என்றார் அமிர்தசாமி.

டெய்சி வழிநெடுக அழுதுகொண்டே வந்தாள். வாழ்க்கையில் அப்பா அவளுக்கு விரோதமாகத் தீர்ப்புச் சொன்னது அந்த ஒரு தடவைதான். மற்றபடி அவள் வைத்ததுதான் சட்டம். அண்ணன் தலையில் குட்டினான், பென்சிலை ஒளித்துவைத்தான், கருவேப்பிலங்குறிச்சித் திருவிழாவுக்குச் சைக்கிளில் ஏற்றமாட்டேன் என்றான், எதுவானாலும் சூளைக்கே ஓடிவிடுவாள். “ப்பா, இந்த அண்ணனப் பாருப்பா!” அவ்வளவுதான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு எட்டிப்பார்ப்பார் அமிர்தசாமி. வழக்கை விசாரிக்கவே மாட்டார். “டேய் ஆல்பர்ட்டு” என்று ஒரு அதட்டல் வரும். வழக்கு முடிந்தது.

அந்த டெய்சி வளர்ந்து நர்ஸுக்குப் படித்து மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாள். அப்பாவைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஈஸ்டர் முடிந்து லீவில் வருவதாக இருந்தாள்.

அமிர்தசாமி அதுவரைக்கும் இருக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பாடுகளின் வாரத்தில், செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜம்புலிங்கம்தான் ஆல்பர்ட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவன் சென்னையில் அலுவலகத்தில் இருந்தான். மாற்று ஆள் மாணிக்கவேல் சாயந்தரம்தான் வருவார். அதுவரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்துபோக வழியில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே தங்கைக்குச் சொன்னான். அவள் போட்ட அலறலைக் காதோடு வாங்கிக்கொண்டு, தங்கள் கம்பெனி விமானத்திலேயே அவளுக்கு இடம் பிடித்தான். விடியுமுன்னே மஸ்கட்டில் ஏறினால் காலை எட்டரைக்குச் சென்னை. வாசலில் கார் நிற்கும். இரண்டு மணிக்கெல்லாம் வீடு. அடக்கம் புதன்கிழமை மாலை நாலரைக்கு. அதை நகர்த்த முடியாது, ஏனென்றால் அடுத்த நாள் பெரிய வியாழன். வியாழன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அடக்கப் பூசை கிடையாது, ஜெபம் சொல்லி வெறுமனே மந்திரித்துப் புதைக்கலாம், அவ்வளவுதான். உபகாரமேரி ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள். “அம்பது வருசமா ஒரு ஞாயித்துக்கெழம பூசைய உட்டவர் இல்ல. அவர பூசையில்லாம அனுப்பமாட்டேன்.” பரவாயில்லை, நேரம் தாராளமாக இருக்கிறது என்று ஆல்பர்ட் எல்லோருக்கும் தைரியம் சொன்னான்.

அப்புறம்தான் அந்த மஸ்கட் விமானத்தின் கணக்கு அவன் மேசைக்கு வந்தது. மறுநாள் கணக்கை முந்தின மாலையே போட்டு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். காலையில் காற்றை மட்டும் பார்த்துச் சரிசெய்வார்கள். ஆல்பர்ட் கணக்கைப் போட்டான். பழக்கத்தில் கூடுதலையும் சேர்த்து, காரணத்தில் ‘காலை நெரிசல்’ என்று தட்டினான். தட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வழக்கமாகப் போடுகிறோமா, டெய்சிக்காகப் போடுகிறோமா?

இந்தக் கேள்வி வேறு ஒருவனுக்கு வந்திருக்காது. வந்தாலும், யாருக்காக இருந்தால் என்ன என்று அனுப்பிவிட்டுப் போயிருப்பான். ஆல்பர்ட்டுக்கோ அப்பா செத்துக் கிடக்கிற நேரத்தில் அப்பாதான் கண்முன்னால் வந்தார். அந்தக் கிளியும் வந்தது. நமக்குன்னு வரும்போதுதான் கைய இறுக்கிக்கணும். தங்கச்சி வருகிற விமானத்துக்குக் கம்பெனி எண்ணெயை அள்ளி ஊற்றினான் என்று ஒருவன் சொல்லிவிட்டால்? ஒருவனும் சொல்லப்போவதில்லை, அந்த அலுவலகத்தில் யாருக்கு டெய்சியைத் தெரியும்! ஆனால் சொல்கிறவன் வெளியில் இருக்க வேண்டும் என்று இல்லையே. அவன் அந்த இரண்டு சொல்லையும் அழித்தான். கூடுதலையும் எடுத்துவிட்டான்.

மஸ்கட்டிலிருந்து கேப்டன் கூப்பிட்டார். எதையும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்கிற நிதானமான ஆள். “என்ன ஆல்பர்ட், இன்னைக்கு உங்க கை இவ்வளவு சிக்கனமா இருக்கு? சென்னை காலை நேரமாச்சே. கொஞ்சம் சேர்த்துக்கட்டுமா?”

“வானம் சுத்தமா இருக்குது சார். காத்தும் சாதகம். தேவைப்படாது.”

“நீங்களே சொன்னா சரி” என்றார் அவர்.

அவராகவே சேர்த்துக்கொண்டிருக்கலாம். அந்த அதிகாரம் அவருக்குத்தான் உண்டு. ஆனால் எப்போதும் கூடுதலாகப் போடுகிற ஆளே வேண்டாம் என்கிறானே என்று நம்பிவிட்டார். மாணிக்கவேல் வந்ததும் ஆல்பர்ட் எழுந்து பஸ் ஏறினான். அப்பாவுக்கு நல்ல பிள்ளையாக ஒரு காரியம் செய்த நிறைவு, அந்தத் துக்கத்துக்குள்ளேயும் அவனுக்கு இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

புதன்கிழமை காலை பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் அமிர்தசாமி வெள்ளை வேட்டி சட்டையில் கிடந்தார். கையில் ஜெபமாலை. கரண்டு போகும், வரும். சூளை ஆட்கள், கோயில் ஆட்கள், நல்லூரிலிருந்து வந்த சொந்தங்கள் என்று வாசல் நிறைந்திருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. “பொண்ணு கெளம்பிட்டாளா?”

மாணிக்கவேல் போன் செய்தார். சென்னையில் ஏதோ ஒரு சின்ன விமானம் இறங்கும்போது டயர் வெடித்து ஓடுபாதையிலேயே உட்கார்ந்துவிட்டது. அதை இழுத்துப்போடுகிற வரைக்கும் எல்லாம் மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன. டெய்சி வந்த விமானம் வரிசையில் ஏழாவதாக இருக்கிறது.

ஆல்பர்ட் போனை வைத்துவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் நின்றான். மற்றவர்களுக்கு அது ஒரு தாமதம். அவனுக்கு அது கணக்கு. அந்த விமானத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று அந்தப் பந்தலில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எத்தனை வட்டம் தாங்கும் என்றும் தெரியும். பக்கத்து ஊர் என்று கணக்கில் வைத்த பெங்களூருக்கான பங்கைத் தொடுவதற்கு முன்னால் கேப்டன் திரும்பியே ஆக வேண்டும். அவன் அழித்த கூடுதல் இருந்திருந்தால் இன்னும் ஒரு கால்மணி தாங்கியிருக்கும். ஆண்டவரே, சீக்கிரம் இழுத்துப்போடட்டும் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டினான்.

மறுபடியும் மாணிக்கவேல். “பெங்களூருக்குத் திருப்பி அங்க எறக்கிட்டாரு ஆல்பர்ட். இன்னும் பத்து நிமிஷம் நின்னிருந்தா எறங்கியிருக்கலாம். பாதை தொறந்துட்டாங்க. திரும்பாம நின்னு சுத்துனது எல்லாம் எறங்கிடுச்சி.”

உபகாரமேரி மகனின் முகத்தைப் பார்த்துப் பதறினாள். “என்னாடா ஆச்சி?”

“பெங்களூர்ல எறக்கிட்டாங்களாம்மா.”

“எறங்கிட்டாளா? மாதாவே! எங்கன்னா எறங்குனா போதும், வந்துடுவா.”

ஜம்புலிங்கம் உடனே காரியத்தில் இறங்கிவிட்டார். “தம்பி, பெங்களூர்லேந்து கிருஷ்ணகிரி, திருவண்ணாமல வழியா கார்ல வந்தா சாயந்தரத்துக்குள்ள வந்துடலாமே. என் மச்சினன் அங்கதான் இருக்கான். வண்டியோட போய் நிக்கச் சொல்லட்டுமா?”

“எறக்கமாட்டாங்க மாமா. எண்ணெ போட்டுக்கத்தான் நிறுத்தியிருக்காங்க. வெளிநாட்டுலேந்து வந்த பிளேனு, பாஸ்போர்ட்டு முத்திரை எல்லாம் சென்னையிலதான். கதவத் தொறக்கமாட்டாங்க.”

“அப்பன் செத்துட்டான்னு சொன்னாகூடவா?”

பெங்களூரிலும் அப்படித் திரும்பிவந்த விமானங்கள் நாலைந்து எண்ணெய்க்குக் காத்துக்கிடந்தன. வரிசையில் நின்று, எண்ணெய் போட்டு, சென்னையில் மறுபடி இடம் கேட்டு, அது கிடைத்துக் கிளம்பியபோது மத்தியானம் கடந்துவிட்டது. டெய்சி சென்னையில் வெளியே வந்து காரில் ஏறியபோது விருத்தாசலத்தில் கோயில் மணி துக்கத்துக்கு விட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்திருந்தது.

பங்குச் சாமியார் நல்லவர். கொஞ்சம் பார்ப்போம் என்று அவரே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடைசியில் அவரும் எழுந்தார். “இதுக்கு மேல தள்ளுனா இருட்டுக்குள்ள கல்லறைக்குப் போக முடியாதும்மா. பூச வேணாம், நாளைக்கு வச்சுக்கலாம்னா நான் வந்து மந்திரிச்சுக் குடுக்கிறேன். நீங்க சொல்லுங்க.”

உபகாரமேரி மகனைப் பார்த்தாள். “நீ சொல்லு ஆல்பர்ட்டு. எனக்கு ஒண்ணும் ஓடல.”

பாவி, அன்றைக்கு எல்லா முடிவும் அவன் தலையிலேயே வந்து விழுந்தது. பூசையா, மகளா? கரண்டு குறைவாக வந்து ஐஸ் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் கோத்திருந்தது. பூசையே ஆகட்டும் என்று அவன் தலையை மட்டும் அசைத்தான். ஆட்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மூடுவதற்கு முன்னால் பிள்ளைகள் நெற்றியில் முத்தமிட வேண்டும். ஆல்பர்ட் முத்தமிட்டு நிமிர்ந்தபோது ஜம்புலிங்கம் அவன் கையில் போனைக் கொடுத்தார். “மதுராந்தகம் தாண்டிட்டாளாம். அப்பா காதுல வையி தம்பி. கேக்குதோ கேக்கலியோ, பேசட்டும்.”

குனிந்து போனை அப்பாவின் காதருகே வைத்தான். என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிடக்கூடாது என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். ஆனாலும் ஒரு சொல் மட்டும் கசிந்து வந்துகொண்டே இருந்தது. ப்பா. ப்பா. ப்பா. வாசலில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். சூளையில் நெருப்புக்கு முன்னால் நின்று பழகிய ஜம்புலிங்கம், தெருவுக்கு ஓடிப்போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் மூடினார்கள்.

டெய்சி வந்து சேர்ந்தபோது ஊரில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. ஆல்பர்ட் வீட்டுக்குப் போகாமல் கல்லறைத்தோட்ட வாசலிலேயே காத்திருந்தான். கார் நின்றதும் இறங்கி, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். இருந்தது ஈர மண்ணும், சாமந்தி மாலையும், பாதி எரிந்த மெழுகுவத்திகளும்தான். மண்ணை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படுத்துவிட்டாள். எவ்வளவு நேரம் அழுதாளோ. அப்புறம் எழுந்து உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“மேல சுத்திக்கிட்டே இருந்தோம்ண்ணே. ஜன்னல்ல மெட்ராஸு தெரியுது. கடல் தெரியுது, ரோடு தெரியுது. எண்ணெ போதல, பெங்களூர் போறோம்னு மைக்குல சொன்னான். ஏரோப்பிளேனுக்கு எண்ணெ போதலயாம்! பக்கத்து சீட்டுக்காரரு சொன்னாரு, இப்பல்லாம் மிச்சம் புடிக்கிறதுக்கு அளந்துதான் ஊத்துறாங்கன்னு.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “வயிறெரிஞ்சி சபிச்சேண்ணே. இந்த எண்ணெயக் கொறச்சவன் எவனோ, அவனும் அவன் அப்பன் மூஞ்சியப் பாக்காமப் போவணும்னு.”

ஆல்பர்ட் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பேசாமல் இருக்கத் தெரிந்த பிள்ளையாக அமிர்தசாமி அவனை வளர்க்கவில்லை.

“நான்தாம்மா அது” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

“அந்தப் பிளேனுக்குக் கணக்கு போட்டது நான்தான். எப்பவும் கொஞ்சம் கூட சேப்பேன். நேத்து சேத்துட்டு, அழிச்சிட்டேன். கேப்டன் வேணுமான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்.”

“நான் அதுல வரேன்னு தெரியாதா ஒனக்கு? நீதான டிக்கட்டு போட்ட?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சதாலதாம்மா” என்றான். “நமக்குன்னு கம்பெனி எண்ணெய எடுக்கக்கூடாதுன்னு...”

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்குத் தெரியாத வீடா அது? அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். மெழுகுவத்தியை ஒதுக்கிவிட்டு, சின்ன வயதில் சூளை வாசலில் போய் நிற்பாளே அதே மாதிரி, அந்த மண்ணுக்கு நேராகத் திரும்பி முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

“ப்பா” என்றாள். “இந்த அண்ணனப் பாருப்பா.”

சொல்லிவிட்டு, பதில் வரும் என்பதுபோல அவள் காத்திருந்தாள். ஆல்பர்ட்டும் காத்திருந்தான்.